சாட்சி ஜே

அகயேசு வழக்கின் தீர்ப்பை மாணவிகளோடு வாசிக்கும்போது நான் அதன் புகழிலிருந்து தொடங்குவதில்லை. 1998 செப்டம்பர் 2 அன்று, ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் வன்புணர்வும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று முதன்முறையாகத் தீர்ப்பளித்தது. அது பாடநூல்களில் இருக்கிறது. முதல் குற்றப்பத்திரிகையில் வன்புணர்வுக் குற்றச்சாட்டே இல்லை என்பதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

அகயேசு தபா வட்டாரத்தின் மேயர். 1994இல் அவருடைய அலுவலகத்தில் அடைக்கலம் தேடிய துட்சிப் பெண்கள் அந்த வளாகத்திலேயே வன்புணரப்பட்டார்கள். ருவாண்டாவில் நடந்த பாலியல் வன்முறை குறித்து மனித உரிமை அமைப்புகள் 1996லேயே எழுதியிருந்தன. ஆனாலும் 1997 ஜனவரியில் விசாரணை தொடங்கியபோது குற்றப்பத்திரிகையில் அதுபற்றி ஒரு வரி இல்லை. 'ஜே' என்று மட்டும் பதிவான தாய், தன் ஆறு வயது மகள் வன்புணரப்பட்டதை நீதிமன்றத்தில் சொன்னார். நீதிபதிகள் மேலும் கேட்டார்கள். மூவரில் ஒரே பெண், டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளியினரான நவநீதம் பிள்ளை. பிறகு 'எச்' தனக்கு நேர்ந்ததைச் சொன்னார். பெண்கள் அமைப்புகளும் வலியுறுத்தின. ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது.

ஏன் இந்தத் தாமதம்? பெண்களின் வெட்கமும் புலனாய்வின் அக்கறையின்மையும் காரணமாக இருக்கலாம் என்று வழக்குத் தொடுத்த தரப்பே ஒப்புக்கொண்டதைத் தீர்ப்பு பதிவுசெய்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வெட்கம் இருந்திருக்கலாம். ஆனால் பேச இடம் கிடைத்தபோது அவர்கள் பேசினார்களே!

தீர்ப்பின் வலிமை அதன் வரையறையில் இருக்கிறது. உடலுறுப்புகளைப் பட்டியலிடாமல், வற்புறுத்தல் நிலவும் சூழலில் ஒருவர் உடல்மீது நிகழும் பாலியல் அத்துமீறல் என்று அது வன்புணர்வைப் பார்த்தது. ஆயுதம் ஏந்தியவர்கள் சூழ்ந்து நிற்கும் இடத்தில், அவள் எதிர்த்தாளா என்று கேட்பதில் பொருளில்லை.

அதன் எல்லையும் தெரிய வேண்டும். அகயேசுவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பெண்களுக்கு இழப்பீடு வழங்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு இருக்கவில்லை. தீர்ப்பாயத்தின் காவலில் இருந்தவர்களுக்கு எச்.ஐ.வி. மருந்து கிடைத்த ஆண்டுகளில், வன்புணர்வால் தொற்றுக்குள்ளான பெண்கள் பலருக்கு அது எட்டவில்லை.

வழக்கு இன்றும் அவன் பெயரில்தான் அழைக்கப்படுகிறது. பெண்களைக் காக்கவே பெயர்கள் மறைக்கப்பட்டன, அது சரியே. ஆனால் சட்டம் படிக்கும் பெண்களே, அந்த எழுத்துகளையும் மனப்பாடம் செய்யுங்கள். நாளை ஒரு வாக்குமூலத்தைப் பதிவுசெய்யும் இடத்தில் நீங்கள் உட்காரும்போது, கேட்க வேண்டியதைக் கேட்க அவை நினைவூட்டும்.