நுண்கருனி: ஒரு மதிப்பீடு

கணினியின் வன்பொருளை நேரடியாக ஆளும் மென்பொருள் பகுதி கருனி, அதாவது கெர்னல், எனப்படுகிறது. லினக்ஸ் போன்ற ஒற்றைக் கருனிகளில் கோப்பு முறைமை, வலையமைப்பு, சாதன இயக்கிகள் யாவும் கருனிக்குள்ளேயே முழு உரிமையுடன் இயங்குகின்றன. நுண்கருனி நினைவகப் பாதுகாப்பு, நேர ஒதுக்கீடு, நிரல்களுக்கிடையே செய்திப் பரிமாற்றம் ஆகியவற்றை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு, மற்றவற்றைச் சாதாரண நிரல்களாக வெளியே இயக்குகிறது. ஓர் இயக்கி பழுதானால் அதை மட்டும் மீண்டும் தொடங்க முடியும் என்பதே இதன் அடிப்படை நோக்கம்.

நுண்கருனி வேகம் குறைந்தது என்பது இதன் மீது வைக்கப்படும் முதன்மையான குற்றச்சாட்டு. இது பாதி உண்மையே. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1985இல் தொடங்கப்பட்ட மாக் கருனியில் செய்திப் பரிமாற்றம் மெதுவாக நடந்தது. அந்தக் குறை நுண்கருனி என்ற கருத்தின் மீதே ஏற்றப்பட்டது. செருமானிய ஆய்வாளர் யோக்கன் லீட்கே எல்4 கருனியைச் செய்திப் பரிமாற்ற வேகத்தையே மையமாக வைத்து எழுதினார். குறை கருத்தில் இல்லை, கட்டமைத்த விதத்தில்தான் உள்ளது என 1995இல் வாதிட்டார். 1997இல் வெளியான அளவீட்டில், எல்4 மீது இயங்கிய லினக்ஸின் உச்சச் செயல்திறன் நேரடி லினக்ஸைவிட 5% மட்டுமே குறைந்தது. மாக் மீது பயனர் நிலையில் இயங்கிய லினக்ஸில் இழப்பு அதைப்போல் 7 மடங்காக இருந்தது.

ஆதரவாளர்களின் வாதத்திலும் இடைவெளிகள் உண்டு. சுமார் 8,700 வரி சி நிரல் கொண்ட எஸ்இஎல்4 கருனி தன் விவரக்குறிப்பின்படியே இயங்கும் என்பது 2009இல் கணித முறையில் நிறுவப்பட்டது. ஆனால் அந்த நிறுவல் கருனியுடன் முடிந்துவிடுகிறது. வெளியே உள்ள கோப்புச் சேவையகம் பிழையற்றது என்று அது சொல்லவில்லை. பழுதான சேவையகத்தை மீண்டும் தொடங்கலாம்; ஆனால் அது நினைவில் வைத்திருந்த, வட்டில் இன்னும் எழுதாத தரவு தானாகத் திரும்பாது.

நுண்கருனிகள் வென்ற இடங்களும் இதையே காட்டுகின்றன. கியூஎன்எக்ஸ் மகிழுந்துகளில் பரவலாக உள்ளது. கூகுளின் பியூசியா 2021இல் வீட்டுத் திரைச் சாதனம் ஒன்றில் வந்தது. இவை வன்பொருள் முன்கூட்டியே தெரிந்த சாதனங்கள். எல்லா வகை வன்பொருளுக்கும் இயக்கிகள் வேண்டியிருக்கும் மேசைக் கணினியிலோ, 1990இல் தொடங்கிய குனூ ஹர்ட் இன்றும் பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆப்பிள் மாக்கை எடுத்துக்கொண்டாலும், யூனிக்ஸ் பகுதியையும் கருனிக்குள்ளேயே வைத்துக்கொண்டது.

ஆயினும் இந்த விவாதம் முடிந்துவிடவில்லை. 2024 சூலையில் கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான இற்றைப்படுத்தலால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நிலைகுலைந்தன; விமானச் சேவைகளும் மருத்துவமனைகளும் பாதிக்கப்பட்டன. அம்மென்பொருளின் இயக்கி கருனிக்குள் இயங்கியதால் அதன் பிழை முழுக் கணினியின் பிழையானது. எனவே நுண்கருனியை வேகத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது போதாது. ஒரு பகுதியின் பிழை எவ்வளவு தூரம் பரவும் என்பதையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.