அடாச்சி மாடலும் அதன் நீண்ட வாலும்

காலியம் ஆர்சனைடில் காலியத்தின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அலுமினியத்தை வைத்தால் கிடைப்பது அலுமினியம் காலியம் ஆர்சனைடு. அணுக்களுக்கு இடையிலான தூரம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், ஒளியியல் குணம் மட்டும் நன்றாக மாறும். 980 நானோமீட்டர் ஒளிக்கு ஒளிவிலகல் எண் காலியம் ஆர்சனைடில் 3.5-க்குச் சற்று மேலே. முழுக்க அலுமினியம் ஆனால் 2.95 அருகே. இப்படி இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கினால் கண்ணாடி கிடைத்துவிடும். மேல்நோக்கி ஒளி உமிழும் விக்செல் லேசர்களின் இரு பக்கமும் இருப்பது இந்த மாதிரி அடுக்குதான். 2017-இல் ஐபோன் 10 முகத்தை அடையாளம் காண ஆரம்பித்ததும் விக்செல் ஒளியில்தான்.

இந்த அடுக்கை வடிவமைக்க எந்தக் கலவைக்கு எந்த அலைநீளத்தில் என்ன ஒளிவிலகல் எண், எவ்வளவு உட்கவர்தல் என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு கலவையையும் வளர்த்து அளக்க யாருக்கும் நேரமில்லை. அதனால் சில கலவைகளை அளந்து, ஒரு சூத்திரத்தைப் பொருத்தி, மற்றதை அதிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். 1980-களின் பிற்பாதியில் சடாவோ அடாச்சி கொடுத்த சூத்திரம் இந்த வேலைக்கு ரொம்பப் பிரபலம். இன்றும் பல கணினி நிரல்களுக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. அது பிரபலமானதற்கு நியாயமான காரணம் உண்டு: ஒவ்வொரு உறுப்பும் எலெக்ட்ரான் பட்டைகளில் ஒரு குறிப்பிட்ட தாவலைக் குறிக்கிறது, கையால்கூடக் கணக்குப் போடலாம். என் விமர்சனம் வேறு இடத்தில்.

அந்தச் சூத்திரம் ஒப்பிடப்பட்ட அளவீட்டை முதலில் பாருங்கள். 1986-இல் ஆஸ்ப்னஸும் சகாக்களும் அலுமினியப் பங்கு 0 முதல் 0.8 வரை, 0.1 இடைவெளியில், எலிப்சோமெட்ரி முறையில் அளந்து வெளியிட்டார்கள். சாய்வாக ஒளியை விழச் செய்து, பிரதிபலித்த ஒளியின் முனைவாக்கம் எப்படி மாறியது என்று பார்ப்பதுதான் எலிப்சோமெட்ரி. மேற்பரப்பில் சில நானோமீட்டர் ஆக்சைடு இருந்தாலே எண்கள் கெட்டுவிடும். அலுமினியம் கூடக் கூட ஆக்சைடு வேகமாக வரும். இவர்கள் பரப்பைச் சுத்தம் செய்வதற்கு எடுத்துக்கொண்ட சிரத்தைக்காகவே அந்தக் கட்டுரையைப் படிக்கலாம்.

ஆனால் அளந்த எல்லை சுமார் 1.5 முதல் 6 எலெக்ட்ரான் வோல்ட் வரை. காலியம் ஆர்சனைடின் ஆற்றல் இடைவெளி 1.42. நம்ம 980 நானோமீட்டர் ஒளியோ 1.27 எலெக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது. அதாவது கருவி வேலை செய்யும் இடம் அளவீட்டுக்கு வெளியே. அங்கே இருக்கும் எண் அளந்ததல்ல, சூத்திரம் சொல்வது. போதாததற்கு, அந்த இடத்தை எலிப்சோமெட்ரியில் அளந்தாலும் மிகச் சிறிய உட்கவர்தல் கண்ணில் படாது. அதற்குத் தடிமனான துண்டின் வழியாக ஒளியை ஊடுருவவிட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, சூத்திரம் என்ன சொல்கிறது? 4.7 எலெக்ட்ரான் வோல்ட் அருகே உள்ள பெரிய உச்சியை அடாச்சி தணிப்புள்ள அலையியற்றியாக எழுதினார். வலிமை சுமார் 2.4, தணிப்பு சுமார் 0.15. இந்த ஒரு உறுப்பை மட்டும் எடுத்து 1.27-இல் போட்டுப் பார்த்தேன். மின்கடத்தாச் சார்பின் கற்பனைப் பகுதி 0.11 வருகிறது. உட்கவர் குணகமாக மாற்றினால் சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2000. ஒரு மைக்ரோமீட்டர் கடப்பதற்குள் ஒளியில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு காலி! நூற்றுக்கு 99-க்கு மேல் பிரதிபலிக்க வேண்டிய கண்ணாடிக்கு இது மரண தண்டனை. நிஜத்தில் தூய காலியம் ஆர்சனைடு அந்த அலைநீளத்துக்குக் கிட்டத்தட்ட ஒளிபுகும் பொருள்.

இவ்வளவு பெரிய பிழை எப்படிக் கண்ணில் படாமல் போகும்னு கேட்டால், வரைபடத்தைப் பாருங்கள். செங்குத்து அச்சு 25 வரை போகிறது. அதில் 0.11 என்பது கோட்டின் தடிமனுக்குள் மறைந்துவிடும். "அளவீட்டோடு அருமையாகப் பொருந்துகிறது" என்று எழுதுவதில் பொய் இல்லை. அதே படத்தை மடக்கை அச்சில் போட்டால் வால் பல்லிளிக்கும்.

சிலர் இடைவெளிக்குக் கீழே கற்பனைப் பகுதியைச் சுழி என்று வெட்டிவிடுகிறார்கள். அது கைவைத்தியம். கற்பனைப் பகுதியும் மெய்ப் பகுதியும் கிராமர்ஸ்-க்ரோனிக் உறவால் கட்டப்பட்டவை. ஒன்றை வெட்டிவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டால் ஒளிவிலகல் எண்ணுக்கு அர்த்தம் குறைகிறது. கிம், கார்லண்ட் முதலானோர் 1992-இல் நல்ல வழி காட்டினார்கள்: உச்சியில் இருந்து தள்ளிப் போகப் போகத் தணிப்பே சுருங்கிவிடட்டும் என்று. ராகிச்சும் மயேவ்ஸ்கியும் 1996-இல் அதை அடாச்சி மாடலோடு சேர்த்தார்கள். 1999-இல் அது கலவைகளுக்கும் வந்தது. வால் சுருங்கியது உண்மை. ஆனால் ஆற்றலைப் பொறுத்து மாறும் தணிப்பு கிராமர்ஸ்-க்ரோனிக் உறவைக் கறாராகக் காப்பாற்றுவதில்லை. பாராமீட்டர்களும் கூடிவிட்டன. இருந்தும், இரண்டில் ஒன்றை எடு என்றால் இதைத்தான் எடுப்பேன்.

இன்னொரு விஷயம், அலுமினியப் பங்கு. 0.3 என்று நினைத்து வளர்த்தது 0.31 ஆக இருந்தால், ஒளிவிலகல் எண் சுமார் 0.006 நகரும். எல்லா அடுக்கிலும் அதே விகிதத்தில் பிசகினால் கண்ணாடியின் மைய அலைநீளம் ஏறக்குறைய 2 நானோமீட்டர் தள்ளிப்போகும். இந்தப் பிசகு எந்தப் பொருத்தத்திலும் தெரியாது, பாராமீட்டர்கள் சத்தமில்லாமல் விழுங்கிக்கொள்ளும். அதனால் கலவைப் பங்கு எந்த முறையில் தீர்மானிக்கப்பட்டது என்று சொல்லாத அட்டவணையை நான் இரண்டாவது தசம இடத்துக்கு மேல் நம்புவதில்லை. பல அட்டவணைகள் நான்கு இடம் வரை அச்சிடுகின்றன.