இரண்டு சபாபதிகள்

1941 டிசம்பரில் ‘சபாபதி’ என்னும் நகைச்சுவைப் படம் தமிழகத் திரையரங்குகளுக்கு வந்தது. அதே மாதம் 23ஆம் நாள் இரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின; அடுத்த மார்ச்சில் அந்நகர் ஜப்பானியர் வசமாயிற்று. செட்டிநாட்டுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. பர்மாவின் நெல்வயல்களிலும் லேவாதேவிக் கடைகளிலும் இம்மண்ணின் பெருஞ்செல்வம் முடங்கிக் கிடந்தது. காடும் மலையும் கடந்து கால்நடையாகவே தாயகம் திரும்பியோர் பலர். படத்தைத் தயாரித்தவரோ காரைக்குடியில் பிறந்த ஏ. வி. மெய்யப்பச் செட்டியார். பேரிழப்பின் வாசலில் நின்ற ஒரு தலைமுறைக்கு அவர் அளித்த சிரிப்பு எத்தகையது? அதன் தரத்தை இன்று நாம் எடைபோட்டுப் பார்ப்பது வீண்வேலையாகாது.

பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகமே படத்திற்கு மூலம். மெய்யப்பச் செட்டியாரும் ஏ. டி. கிருஷ்ணசாமியும் இணைந்து இயக்கினர். புராணக் கதைகள் திரையை ஆண்டுகொண்டிருந்த நாளில், தெய்வமும் அரசனும் இல்லாத ஒரு வீட்டுக் கதையை முழுநீள நகைச்சுவையாக்கியது துணிவான செயலே. செல்வர் வீட்டுப் பிள்ளை சபாபதி, படிப்பு ஏறாதவன். அவனுடைய பணியாளுக்கும் பெயர் சபாபதியே. அறிவில் எஜமானனுக்கும் ஒரு படி கீழே. எஜமானனாக டி. ஆர். ராமச்சந்திரன், பணியாளாகக் காளி என். ரத்னம். படித்த பெண்ணொருத்தி மனைவியாக வந்து, கணவனைத் தேர்வில் தேறச் செய்கிறாள். கதை இவ்வளவுதான்.

இத்துணை மெலிந்த கதை இன்றளவும் நினைவில் நிற்பது எதனால்? ராமச்சந்திரனின் உருளும் விழிகள் ஒரு காரணம். தமிழாசிரியராக வரும் கே. சாரங்கபாணியும் தம் பங்கைக் குறைவற ஆற்றுகிறார். எனினும் படத்தின் பாரம் முழுவதையும் தோளில் சுமப்பவர் ரத்னமே. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் இளைஞர்களுக்கு நடிப்புப் பயிற்றுவித்தவர் அவர், எம். ஜி. ஆரும் அவரிடம் பயின்றவரே. ‘கோவலன்’ நாடகத்தில் காளியாகத் தோன்றியதால் பெயருடன் ‘காளி’ ஒட்டிக்கொண்டது. உக்கிர தெய்வத்தின் வேடத்தால் புகழ்பெற்றவர், ஏதுமறியாப் பேதையாக நம்மை நம்பவைக்கிறார். சி. டி. ராஜகாந்தம் உடன்வரும் காட்சிகளில் படம் தனிப்பொலிவு பெறுகிறது. ரத்னம் இல்லாத இடங்களிலோ அது வெறும் பரீட்சைக் கதையாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு கலைஞனை இவ்வளவு நம்பியிருப்பது படத்தின் வலிமையும் ஆகும், குறையும் ஆகும்.

இங்கே நம்மை உறுத்தும் வினா ஒன்று உண்டு. பேதைமை இருவருக்கும் பொது, பெயரும் பொது. ஆனால் செல்வனின் பேதைமை திருத்தத்தக்க குறை. அதற்கு ஆசிரியர் உண்டு, மனைவி உண்டு, தேர்ச்சியும் உண்டு. பணியாளின் பேதைமையோ நமது பொழுதுபோக்கு. அதைத் திருத்த வேண்டும் என்று கதையில் எவரும் கவலைப்படவில்லை. ஏழையைப் பார்த்துச் சிரிப்பது எவ்வளவு எளிது என்பதை இப்படம் தன்னையறியாமலே காட்டிவிடுகிறது.

எழுத்தில் உள்ள இந்த ஓரவஞ்சனையை ஓரளவேனும் சரிசெய்வது ரத்னத்தின் நடிப்பு. ஏவிய சொல்லை அவர் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்கிறார். முழு மனத்துடன், சற்றும் சிரிக்காமல், நிறைவேற்ற முனைகிறார். கோமாளியாகக் குழைவதில்லை, இரக்கத்தை இரந்து நிற்பதுமில்லை. ஆகவே கீழ்ப்படிந்தவனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய நாம், நினைத்ததைச் சொல்லத் தெரியாமல் ஏவியவனைப் பார்த்துச் சிரித்து முடிக்கிறோம். நாடகாசிரியர் தராத மதிப்பை நடிகர் தேடித் தருகிறார்.

இதற்கு ஓராண்டு முன்னர், 1940இல், சாப்ளினின் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ வெளிவந்தது. அங்கே சர்வாதிகாரிக்கும் எளிய நாவிதனுக்கும் ஒரே முகம். இங்கே எஜமானனுக்கும் பணியாளுக்கும் ஒரே பெயர். சாப்ளின் அந்த ஒற்றுமையைக் கொண்டு அதிகாரத்தையே கேள்வி கேட்டார். இறுதியில் எளியவனைப் பேசவைத்தார். நமது படமோ பெயர் ஒற்றுமையை வேடிக்கையாக மட்டுமே கண்டது. அவ்வளவு பெரிய கேள்வியை ஒரு வீட்டு நகைச்சுவையிடம் எதிர்பார்ப்பது நியாயமா எனச் சிலர் வினவலாம். நியாயமே எனலாம், ஏனெனில் கேள்விக்கான வித்து அதன் தலைப்பிலேயே கிடக்கிறது.

துயர்மிகுந்த நாட்களில் மக்களைச் சிரிக்கவைத்தது குற்றமன்று, அது அறமே. ஆனால் எவரைத் தாழ்த்திச் சிரிக்கிறோம் என்பதில்தான் சிரிப்பின் தரம் அடங்கியுள்ளது. ‘சபாபதி’ அந்தச் சோதனையில் முழுத் தேர்ச்சி பெறவில்லை, ரத்னமோ பெற்றுவிட்டார். மீண்டும் பார்க்க வாய்ப்புக் கிட்டுவோர், தேர்வு எழுதும் சபாபதியை விட்டுவிட்டு, தேர்வே இல்லாத சபாபதியைக் கவனித்துப் பார்க்கட்டும்.