மரித்தலைக் கற்பித்த நூல்: ஒரு திறனாய்வு

1965ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் சிக்காகோ இறையியல் கல்லூரி மாணவர் நால்வர், மனித வாழ்வின் நெருக்கடிகளைப் பற்றிய ஆய்வுக்கு உதவி வேண்டி, சுவிட்சர்லாந்தில் பிறந்த மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அம்மையாரை அணுகினர். நெருக்கடிகளில் பெரியது மரணமே. ஆதலால் மரணத்தறுவாயில் இருப்போரிடமே கேட்டறிவது என முடிவாயிற்று. அக்கருத்தரங்கின் விளைவே 1969இல் வெளிவந்த 'மரணமும் மரித்தலும்' என்னும் நூல். இறையியல் மாணவரின் கேள்வியிலிருந்து பிறந்த நூலாதலின், அதை நாம் எவ்வாறு வாசிக்கிறோம் என்பது நம்மைச் சார்ந்த காரியம்.

நம்மில் பலருக்கு இந்நூல் ஐந்து சொற்களாகச் சுருங்கிவிட்டது: மறுத்தல், சினம், பேரம், மனச்சோர்வு, ஏற்றல். தேர்வுத்தாளுக்கு இவை போதும். கட்டிலண்டையிலோ இவை ஆபத்தானவை. நோயாளி சினந்து பேசும்போது 'இவர் இரண்டாம் நிலையில் இருக்கிறார்' என்று மனத்துள் குறித்துக்கொள்ளும் போதகர், அவர் எதன்மேல் சினங்கொண்டார் என்று கேட்க மறந்துவிடுகிறார். இந்நிலைகள் ஒன்றோடொன்று கலந்தும் அருகருகேயும் நிற்கக்கூடும் என்றும், அனைத்தினூடும் நம்பிக்கை இழையோடுகிறது என்றும் ஆசிரியரே எழுதியுள்ளார். பிற்கால ஆய்வுகளும் இவ்வரிசையை உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் அதிகாரங்களுக்கு முதல் நிலை, இரண்டாம் நிலை என்று தலைப்பிட்டவர் அவரே. பழி முழுவதும் வாசகருடையதன்று.

நூலின் உயிர் அதன் உரையாடல்களில் இருக்கிறது. அப்பெரிய மருத்துவமனையில் மரிக்கும் நோயாளி ஒருவரைக் காட்டும்படி கேட்டபோது, அப்படி ஒருவருமே இல்லை என்பதுபோல் மருத்துவர்கள் நடந்துகொண்டனராம்! நோயாளிகளோ பேசக் காத்திருந்தனர். 200க்கு மேற்பட்டோரிடம் உரையாடிய பின் எழுதப்பட்ட இப்பக்கங்களில், அஞ்சி ஒதுங்குவோர் பெரும்பாலும் நலமுள்ளவர்களே என்பது தெளிவாகிறது. குருமாரும் அதற்கு விலக்கல்லர். வேதப்பகுதியையும் ஜெபப் புத்தகத்தையும் மட்டுமே வாசித்து, நோயாளியின் சொற்களுக்குச் செவிகொடாமல் தப்பித்துக்கொள்ளும் குருமார் பலரைக் கண்டு ஆசிரியர் வியப்புறுகிறார். இக்குற்றச்சாட்டை நாம் மறுக்க இயலாது. கதவருகே நின்றபடியே ஜெபித்து முடித்துத் திரும்பிய நாட்கள் நமக்கும் உண்டு.

ஆனால் நூலின் 'ஏற்றல்' என்னும் கருத்தை நாம் தடையின்றி ஒப்புக்கொள்வதற்கில்லை. உணர்ச்சிகள் ஏறத்தாழ ஓய்ந்த ஓர் அமைதியாக அது வருணிக்கப்படுகிறது. கெத்செமனேயில் நம் ஆண்டவர் அவ்வாறு இருக்கவில்லை. திகிலடைந்து வியாகுலப்பட்டார் (மாற்கு 14:33). சாக்ரடீசின் அமைதியான மரணத்தையும் இயேசுவின் நடுக்கத்தையும் ஆஸ்கர் குல்மன் 1955இல் ஹார்வர்டு சொற்பொழிவில் எதிரெதிரே வைத்துக் காட்டியது இங்கு நினைவுகூரத் தக்கது. பவுலுக்கும் மரணம் கடைசிச் சத்துருவே (1 கொரிந்தியர் 15:26). ஆகவே இறுதிவரை அஞ்சி அழுதவண்ணம் மரிக்கும் விசுவாசி எந்தத் தேர்விலும் தோற்றவரல்லர். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிவுறுகிறது. எனினும் அது ஜெபமே.

பின்னாளில் நேர்ந்தது வருந்தத்தக்கது. 1970களின் பிற்பகுதி முதல் 'மரணம் என்பதே இல்லை' என்று அம்மையார் போதிக்கத் தொடங்கி, ஆவிகளோடு பேசுவோரையும் நாடினார். மறுத்தலை இனங்கண்டு உலகுக்கு உரைத்தவரே மரணத்தை மறுத்தார். 2004இல் அவர் மறைந்தார். முன்னைய நூலின் மதிப்பு இதனால் குறைவதாக நாம் கருதவில்லை.

முதல் அதிகாரத்தில், தம் இளமையில் கண்ட ஒரு குடியானவரைப் பற்றி அவர் எழுதுகிறார். மரத்திலிருந்து விழுந்து பிழைக்க வழியற்றிருந்த அம்மனிதர், தம் வீட்டிலேயே மரிக்க விரும்பினார், புதல்வியரைத் தனித்தனியே அழைத்துப் பேசினார், நிலபுலன்களை ஒழுங்குபடுத்தினார், நண்பர்களை வரச்செய்தார். சிறுபிள்ளைகளும் அத்துயரில் விலக்கப்படவில்லை. ஓர் ஊர் முழுவதும் மரணத்தைக் கற்றுக்கொண்டது அங்கேதான். அதற்குப் பாடநூல் தேவைப்படவில்லை. இச்செய்தியைச் சில வரிகளில் கூறிவிட்டு நூல் மருத்துவமனைக்குள் சென்றுவிடுகிறது. மீண்டும் ஊருக்குத் திரும்புவதேயில்லை. சபையாருக்குக் கற்பிக்க விரும்பும் நமக்கு இதுவே பெருங்குறை.

எனினும் இந்நூலை விலக்கிவிட வேண்டுவதில்லை. வகுப்பில் இதைக் கற்பிப்போர், ஐந்து நிலைகளைக் கரும்பலகையில் எழுதுமுன், உரையாடல்களில் ஒன்றை மாணவர் இருவரைக்கொண்டு முழுவதுமாக உரக்க வாசிக்கச் செய்யலாம்.