பேசாத் தலைவனும் பேசும் தலைவனும்: வீடியோ விளையாட்டில் கூற்றும் மொழிபெயர்ப்பும்

0. முன்னுரை

வீடியோ விளையாட்டுகளின் தலைமைப் பாத்திரங்களைப் பேசாதவை, பேசுபவை என இரண்டாகப் பகுத்துக் காண்பது அத்துறைத் திறனாய்வில் நிலைபெற்ற வழக்கம். 1986இல் வெளிவந்த 'த லெஜண்ட் ஆஃப் செல்டா'வின் லிங்க், 1998இல் வெளிவந்த 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டின் கார்டன் ஃப்ரீமன் ஆகியோர் பேசாத் தலைவர்களுக்கு எடுத்துக்காட்டாவர். 2001இல் வெளிவந்த 'மேக்ஸ் பெய்ன்' விளையாட்டின் தலைவன் தன் கதையைத் தானே சொல்லிச் செல்பவன்.

பேசாமையை ஆதரிப்போர் கூறும் காரணம் ஒன்றே. பேசாத் தலைவன் ஒரு வெற்றிடம். ஆட்டக்காரர் அவ்விடத்தில் தம்மை அமர்த்திக்கொள்கிறார். தலைவன் வாய் திறந்தால் அவ்விடம் அடைபட்டுவிடும் என்பர். இக்கருத்து எல்லா மொழிக்கும் பொதுவான உண்மைபோல் கூறப்படுகிறது. அது ஆங்கில இலக்கண அமைப்பின்மேல் எழுந்த கருத்து என்பதும், தமிழில் பேசாத் தலைவன் வெற்றிடமாக நிற்பதற்கில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

இதற்கு மூன்று சான்றுகள் கொள்ளப்படுகின்றன. ஒன்று, தொல்காப்பியம் கூறும் கூற்று மரபு. இரண்டு, சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட புத்தலப்பட்டு முதலிய ஊர்களைக் கொண்ட பகுதியின் பாரதக் கூத்து. மூன்று, அப்பகுதியில் அருகருகே வழங்கும் தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளின் வினைமுற்று அமைப்பு. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இப்பகுதியின் பெரும்பாலான வட்டங்கள் வடஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தன. ஆதலின் இருமொழியையும் ஒருசேர நோக்குவதற்கு இது ஏற்ற களமாகும்.

1. இருவகையன்று, மூவகை

பேசாமை, பேசுதல் என்னும் இருபகுப்பு மொழிபெயர்ப்பாளருக்குப் போதுமானதன்று. முதல்வகைத் தலைவனுக்குச் சொல்லே இல்லை. கார்டன் ஃப்ரீமன் அத்தகையவன். இரண்டாம் வகைத் தலைவனுக்குச் சொல் உண்டு, குரல் இல்லை. 2011இல் வெளிவந்த 'ஸ்கைரிம்' விளையாட்டில் ஆட்டக்காரர் திரையில் தோன்றும் தொடர்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார், அது ஒலிப்பதில்லை. மூன்றாம் வகைத் தலைவனுக்குச் சொல்லும் குரலும் உண்டு.

விளையாட்டு நிறுவனங்கள் இம்மூன்றிடையே மாறி மாறிச் சென்றுள்ளன. 2008இல் வந்த 'டெட் ஸ்பேஸ்' விளையாட்டில் பேசாதிருந்த ஐசக் கிளார்க் 2011இல் வந்த இரண்டாம் பகுதியில் பேசினான். 'ஃபால்அவுட்' வரிசையின் மூன்றாம் பகுதியில் (2008) குரலின்றி இருந்த தலைமைப் பாத்திரம் நான்காம் பகுதியில் (2015) குரல் பெற்றது. அதே நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'ஸ்டார்ஃபீல்ட்' மீண்டும் குரலின்மைக்குத் திரும்பியது. எனவே இது தொழில்நுட்ப வளர்ச்சியின் படிநிலை ஆகாது. கலைத் தேர்வு என்றே கொள்ளவேண்டும். தேர்வு எனின் அது திறனாய்வுக்கு உரியதாகிறது.

2. கூற்று உடையோரும் இல்லோரும்

ஒரு படைப்பில் யார் பேசலாம், யார் பேசலாகாது என்னும் வினாவைத் தமிழ் இலக்கணம் தொன்றுதொட்டே எழுப்பியுள்ளது. தொல்காப்பியச் செய்யுளியல் களவிலும் கற்பிலும் கூற்றுக்குரியோர் இன்னார் என வரையறுக்கிறது. அவ்வாறே ஊரார், அயலார், தந்தை, தமையன் முதலியோருக்குத் தனிக்கூற்று இல்லை என்றும், அவர்தம் சொல்லைப் பிறர் எடுத்து மொழிவதே உண்டு என்றும் விதிக்கிறது.

இவ்விதியில் இரண்டு செய்திகள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. முதலாவது, கூற்றில்லாதோர் வெறுமையானோர் அல்லர். தந்தையும் தமையன்மாரும் பேசாமலே தலைவியின் வாழ்வை இறுக்கிப் பிடித்திருப்பதைப் பிறர் கூற்றால் அறிகிறோம். பேசாதவரின் உருவத்தை அவரைப் பற்றிப் பேசுபவரே வரைகின்றனர்.

இரண்டாவது, தலைவனும் தலைவியும் கூற்று உடையோர். ஆயினும் அகத்திணையில் அவர்களுக்கு இயற்பெயர் சுட்டப்படுவதில்லை. கேட்பவர் யாரும் அவ்விடத்தில் தம்மைப் பொருத்திக்கொள்ள வழிசெய்வது இப்பெயரின்மையே. வீடியோ விளையாட்டு பேசாமையால் அடைய முயலும் பயனைத் தமிழ் அகமரபு பெயரின்மையால் அடைந்துள்ளது. அதற்காகத் தலைவியின் வாயை அடைக்கவில்லை. பேச்சு இருந்தால் கேட்பவர் உட்புக இயலாது என்னும் வாதத்திற்கு இதனினும் வலிய மறுப்பு வேண்டியதில்லை.

3. சித்தூர்ப் பகுதிப் பாரதக் கூத்து

சித்தூர்ப் பகுதியின் தர்மராசர், திரௌபதி கோயில்களில் நிகழும் பாரத விழாவில் பகலில் அரிகதையும் இரவில் கூத்தும் நடைபெறும். ஒரே கதை ஒருவர் வாயால் சொல்லப்பட்டும் பலர் வாயால் நடிக்கப்பட்டும் வருகிறது. அரிகதையில் எல்லாப் பாத்திரங்களும் சொல்பவரின் குரலை இரவல் பெறுகின்றன. கூத்தில் ஒவ்வொன்றும் தன் குரல் பெறுகிறது. ஊர் மக்கள் இரண்டையும் காண்கின்றனர். இரண்டில் ஒன்றே உண்மையான தலைவன் என்று அவர்கள் கருதுவதில்லை.

வடஆர்க்காட்டுத் தெருக்கூத்தில் மற்றோர் அமைப்பு உண்டு. திரைக்குப் பின் நின்று வெளிப்படும் வேடதாரி தன் வருகைப் பாட்டில் தன்னைப் படர்க்கையில் வைத்துப் பாடுகிறான். தான் வருவதைத் தானே 'அவர் வந்தார்' என்னும் வாய்பாட்டில் அறிவிக்கிறான். பிறகு கட்டியங்காரன் 'நீர் யார்?' என வினவ, வசனத்தில் தன்மைக்கு மாறுகிறான். பேசுகின்ற வாய் ஒன்று, பேச்சின் இடம் வேறு என்னும் இந்நிலை பேசாமைக்கும் பேச்சுக்கும் நடுவில் உள்ளது. 'ஸ்கைரிம்' விளையாட்டின் தொடக்கத்திலும் படைவீரன் ஒருவன் கைதியாக நிற்கும் தலைமைப் பாத்திரத்தை யாரென வினவுகிறான். ஆட்டக்காரர் உருவத்தையும் பாலையும் பெயரையும் அமைப்பதே விடையாகிறது. கட்டியங்காரனின் வினா அங்கும் உண்டு. தன்மைக் கூற்று மட்டும் இல்லை.

விழாவின் இறுதியில் வரும் துரியோதன வதம் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. மண்ணால் செய்த பேருருவாகத் துரியோதனன் தரையில் கிடக்கிறான். அவ்வுருவைச் சுற்றியும் அதன் மேலும் வீமன் வேடதாரியும் துரியோதனன் வேடதாரியும் பொருகின்றனர். ஒரே பாத்திரத்திற்குப் பேசா உடல் ஒன்று, பேசும் உடல் ஒன்று. அடி விழுவது மண்ணுடலின் தொடையில். அறைகூவல் எழுவது வேடதாரியின் வாயில். கூட்டத்தினர் மண்ணுடலைக் கண்டு அஞ்சுவதும் இரங்குவதும் அது வெறுமையாக இருப்பதாலன்று. பதினெட்டு நாட் போரின் கதையும் அதன்மேல் ஏற்றப்பட்டிருப்பதால்.

பேசாமை செயலாகும் இடமும் பாரதத்திலேயே உள்ளது. சூதாட்ட அவையில் திரௌபதி எழுப்பிய வினாவிற்குத் தருமன் விடை கூறவில்லை. அக்கோயில்களுக்குப் பெயர் தந்த தலைவனே அவ்விடத்தில் பேசாத் தலைவன். அவன் மௌனத்தை யாரும் வெற்றிடம் என்று கொள்வதில்லை. அதற்கு அவன் பொறுப்பாளியாகிறான். வீடியோ விளையாட்டுகளுள் மிகச் சிலவே பேசாமைக்கு இத்தகைய பொறுப்பை வைத்துள்ளன. 2012இல் வந்த 'த வாக்கிங் டெட்', 2016இல் வந்த 'ஆக்ஸன்ஃப்ரீ' ஆகியவற்றில் விடை கூறாதிருப்பதும் விடைகளுள் ஒன்று. உடனிருப்போர் அதற்கு எதிர்வினை காட்டுவர். பேசாமையை நன்கு கையாண்ட விளையாட்டுகள் எனத் துணிந்து கூறத்தக்கவை இவையே. ஃப்ரீமனின் மௌனமோ 2004இல் வந்த இரண்டாம் பகுதியில் உடனிருப்போர் நகையாடும் பொருளாக நின்றுவிடுகிறது.

4. வினைமுற்றும் விளியும்

இனி இலக்கணத்தை நோக்குவோம். தமிழில் தன்மை வினைமுற்று பால் காட்டுவதில்லை: 'நான் வந்தேன்' என்பது இருபாலார்க்கும் பொது. முன்னிலையும் அவ்வாறே: 'நீ வந்தாய்'. படர்க்கையில்தான் 'வந்தான்', 'வந்தாள்' எனப் பால் வெளிப்படும். தெலுங்கிலும் 'நேனு வச்சானு', 'நுவ்வு வச்சாவு' என்பன பொது. 'வாடு வச்சாடு', 'ஆமெ வச்சிந்தி' என்பன வேறுபடும். இந்தியிலோ தன்மையிலேயே 'ஆயா', 'ஆயீ' எனப் பால் தெரிந்துவிடும்.

இதனின்றும் எதிர்பாராத முடிவு ஒன்று கிடைக்கிறது. தலைமைப் பாத்திரம் ஆணா பெண்ணா என்பதை மறைக்க வேண்டின், தமிழில் அதைப் பேசவைப்பதே எளிது. பேசாதிருந்தால் பிறர் அதனைப் பற்றிப் படர்க்கையில் பேச நேரும். அங்கே பால் வெளிப்பட்டே தீரும். இந்தி மொழிபெயர்ப்பாளருக்குத் தலைவனின் பேச்சு இடர். தமிழ், தெலுங்கு மொழிபெயர்ப்பாளருக்கு அவனது மௌனமே இடர்.

படர்க்கையில் பால் மறைக்க 'அவர் வந்தார்' என்னும் வடிவம் உண்டு. ஆனால் அது மரியாதையை உடன்கொண்டு வரும். தமிழில் பாலை மறைத்தால் தகுதி உயரும். கொலைக்களத்திற்குக் கொண்டுசெல்லப்படும் கைதியைக் காவலர் தலைவி 'அவரையும் வெட்டுங்கள்' என்று கூறினால் காட்சி கெட்டுவிடும். தெலுங்கில் மரியாதைச் சுட்டுப்பெயர்களிலும் 'ஆயன', 'ஆவிட' எனப் பால்வேறுபாடு நிற்பதால் அவ்வழியும் குறுகியது.

முன்னிலையில் பால் இல்லை எனினும் தரம் உண்டு: நீ, நீர், நீங்கள், தாங்கள். இதற்கும் மேலாக, பேச்சுத் தமிழில் 'வாடா', 'வாடி' என்னும் விளியொட்டுகள் கேட்பவரின் பாலைக் காட்டும். தெலுங்கின் 'ராரா', 'ராவே' என்பனவும் அத்தகையவை. அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்னும் முறைப்பெயர்களோ பாலையும் வயதையும் ஒருங்கே காட்டுவன. ஆங்கிலத்தில் பேசாத் தலைவனைப் பிறர் விளிக்கும் சொல் அவனைப் பற்றி ஒன்றும் கூறாதிருக்கலாம். தமிழில் ஒருவரை அழைத்த அளவிலேயே அவர் யார், அழைப்பவருக்கு என்ன உறவு என்பன புலப்பட்டுவிடுகின்றன.

5. மொழிபெயர்ப்பில் நேரும் இழப்பு

இவ்விடரைக் கண்ட மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் இரண்டு வழிகளை நாடக்கூடும். எல்லாரையும் 'நீங்கள்' என விளிக்கவைத்தல் ஒன்று. வேண்டும், கூடாது, முடியாது, இல்லை, போதும் முதலிய, திணை பால் இடம் காட்டாத வினைகளைக் கொண்டே தொடரமைத்தல் மற்றொன்று. இரண்டும் இலக்கணப் பிழையற்றவை. ஆயின் முதலாவதால் தோழனும் பகைவனும் தாயும் ஒரே தொனியில் பேசுவர். இரண்டாவதால் உரையாடல் அறிவிப்புப் பலகையின் மொழியாகும்.

இங்கு இழக்கப்படுவது அழகு மட்டுமன்று. 'டா' போட்டு அழைக்கும் தோழமை, 'டி' என்பதில் உள்ள உரிமை, அதே ஒட்டுகள் பகைவன் வாயில் கொள்ளும் இழிவு ஆகியவை தமிழ் உரையாடலின் உயிர்நிலை. தலைவனைக் கட்டற்றவனாக வைக்கும்பொருட்டு அவனைச் சூழ்ந்தோர் அனைவரையும் நாத்தடை உடையவராக்குவது நல்ல பரிமாற்றமாகாது.

6. 'வெண்பா': பேசும் தலைவி

கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'வெண்பா' இங்கு ஒப்பிடத்தக்கது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்ப் பெண் வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரைப் பற்றிய விளையாட்டு இது. தாய் தந்த சமையற் குறிப்பேட்டின் சிதைந்த பகுதிகளை உய்த்துணர்ந்து உணவு சமைப்பதே ஆட்டம். தலைவி பெயர் உடையவள், ஊர் உடையவள், பேச்சு உடையவள். பிற்பகுதியில் ஆட்டக்காரர் கவினின் இடத்திற்கு மாறுகிறார்.

இட்டிலித் தட்டைக் கண்டிராத நாட்டினரும் இவ்விளையாட்டில் தோய்ந்தனர்; 2024இல் இது முதற்படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. பேசும் தலைவி பிறரை வெளியே நிறுத்துவாள் என்னும் கருத்து இங்குப் பொய்க்கிறது. தாய்மொழி மகனிடம் தேய்வதே கதையின் துயரம் ஆதலின், இத்தலைவி பேசாதிருந்தால் கதையே இல்லை.

எனினும் ஆங்கில வடிவத்திற்கு எட்டாத ஒன்று உண்டு. அக்காலத் தமிழ் இல்லங்களில் மனைவி கணவனை 'நீங்கள்' என்றும் கணவன் மனைவியை 'நீ' என்றும் விளிப்பதே பெருவழக்கு. மகன் தாயை 'நீ' என்றும் தந்தையை 'நீங்கள்' என்றும் அழைக்கும் இல்லங்களும் பல. ஆங்கிலத்தில் இவை அனைத்தும் ஒரு சொல்லாய்விடுகின்றன. அத்தகைய உரையாடலைத் தமிழில் தருபவர் மொழிபெயர்ப்பதைக் காட்டிலும் மீட்டெழுதுகிறார் என்பதே பொருந்தும். சிதைந்த குறிப்பேட்டை உய்த்துணரும் தலைவியின் வேலையே அவருக்கும் வாய்க்கிறது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன:

(அ) பேசாத் தலைவன் வெற்றிடம் என்பது ஆங்கில முன்னிலைச் சொல்லின் பொதுமையைச் சார்ந்த கருத்து; தமிழுக்கும் தெலுங்குக்கும் அது பொருந்தாது.

(ஆ) கேட்பவர் தம்மைப் பொருத்திக்கொள்ளப் பேச்சின்மை தேவையில்லை. அகமரபின் பெயரின்மை அதற்குச் சான்று.

(இ) மௌனம் கலைப்பயன் தருவது அதற்குப் பொறுப்பு வைக்கப்படும்பொழுதே.

(ஈ) மொழிபெயர்ப்பாளர் தொடர்ப்பட்டியலுடன் உறவுப்பட்டியல் ஒன்றையும் விளையாட்டு நிறுவனத்திடம் கேட்டுப் பெறுதல் வேண்டும். யார் யாரை எவ்வயதில், எத்தகுதியில் விளிக்கிறார் என்பது தெரியாமல் முதல் தொடரையும் பெயர்க்க இயலாது.

(உ) தலைமைப் பாத்திரத்தின் பாலை ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் விளையாட்டுகளில், விளியும் படர்க்கையும் வரும் தொடர்களுக்கு இருவடிவம் எழுதுவதே தக்கது. உழைப்பும் பொருட்செலவும் மிகும் என்பது உண்மை. ஆயினும் அனைவரையும் 'நீங்கள்' ஆக்கிவிடும் ஒரே வடிவத்தைக் காட்டிலும் அதுவே தமிழாக நிற்கும்.

தமிழில் வெளிவரும் விளையாட்டுகள் இனிப் பெருகக்கூடும். அவற்றில் தலைவன் பேசுவதும் பேசாதிருப்பதும் படைப்பாளர் உரிமை. அவனை ஊரார் எவ்வாறு அழைப்பர் என்பதை முடிவு செய்யும் கடமை மொழிபெயர்ப்பாளருடையது. கூற்றில்லாதவனின் உருவம் பிறர் கூற்றில்தான் அமையும் ஆதலின், பேசாத் தலைவனைத் தமிழில் படைப்பவர் மொழிபெயர்ப்பாளரே எனலாம்.