பழைய அவுட்போர்டுக்கு என்ன விலை கொடுக்கலாம்?

"ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆவுது பாருண்ணே!" படகின் பின்பலகையில் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டாரை விற்க வருகிறவர் முதலில் சொல்வது இதைத்தான். எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளிப் பக்கம் மோட்டார் பார்க்கப் போகிறவர், கயிற்றைப் பிடிப்பதற்கு முன் மூடியைக் கழற்றி இன்ஜின் மேல் கை வைத்துப் பார்ப்பது நல்லது. சூடாக இருந்தால், ஆள் வருவதற்குள் ஒரு தடவை ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சூடான இன்ஜின் சமர்த்துப் பிள்ளை மாதிரி சொன்னபடி கேட்கும். அதன் சுபாவம் தெரிய வேண்டுமானால் ஆற விட்டுத்தான் இழுக்க வேண்டும்.

இங்கே பேசுவது 8 முதல் 15 எச்.பி. வரையிலான இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களைப் பற்றி. யமஹா, சுசூகி, டோஹாட்சு என மூன்று ஜப்பான் பெயர்கள் இந்த ரகத்தில் அடிபடும். சோழமண்டலக் கரையின் ஃபைபர் படகுகளில் நீண்ட தண்டு வைத்த டீசல் இன்ஜின்தான் அதிகம். அவுட்போர்டுக்கு உள்ள சாதகம் எடைதான். டோஹாட்சுவின் 9.8 எச்.பி. டூ-ஸ்ட்ரோக் சுமார் 26 கிலோ. ஒருவரே கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

வாங்குகிறவர் ஏமாறும் முதல் இடம் மூடியில் ஒட்டியிருக்கும் எண். அமெரிக்காவில் பல ஏரிகளில் 10 எச்.பி.க்குக் குறைந்த மோட்டாருக்கு மட்டுமே அனுமதி என்பதால் 9.9 என்ற விசித்திர எண் பிரபலமானது. யமஹாவின் எண்டியூரோ வரிசையில் 9.9, 15 இரண்டுக்கும் அதே 246 சி.சி. இன்ஜின்தான். ஆகவே மூடியை மாற்றினாலோ ஸ்டிக்கரை மாற்றினாலோ வெளிப்பார்வைக்கு 9.9 பதினைந்தாகிவிடும். படகில் மாட்டும் பிராக்கெட்டில் அடித்திருக்கும் தகட்டில் மாடலும் சீரியல் எண்ணும் இருக்கும். அதைப் படித்த பிறகுதான் பேரம். தகடு பிடுங்கப்பட்டிருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த மோட்டார் வேண்டாம்.

அடுத்தது, அது ஓடிய தண்ணீர். காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு ஏரி. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் பல ஆண்டுகளாகக் கலந்து, கழிமுகத்தைப் பல இடங்களில் மேடாக்கியிருக்கிறது. அவுட்போர்டோ வெளித் தண்ணீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அடிப்பகுதியில் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் தண்ணீரை மேலே தள்ளுகிறது. சாம்பலும் சேறும் அந்த ரப்பரைத் தேய்க்கும், தண்ணீர் போகும் வழியை அடைக்கும். ஆழக் கடலில் ஐந்து வருடம் ஓடிய மோட்டாரைவிட, ஆற்றில் இரண்டு வருடம் தரை தட்டித் தட்டி ஓடியது மோசமாக இருக்க முடியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது படகும் வலையும் கறுத்துப்போயின. அப்போது ஆற்றில் கிடந்த மோட்டார் என்றால், தண்ணீர் ஏறும் பாதையைத் திறந்து பார்க்காமல் விலை பேசக் கூடாது.

சோதனைக்குப் பெரிய பட்டறை தேவையில்லை. ஒரு டிரம் நிறைய நல்ல தண்ணீர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு கம்ப்ரஷன் கேஜ் போதும்.

டிரம்மில் ஓடவிட்டால் பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். நூலாக ஒழுகினால் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், அல்லது உள்ளே அடைப்பு. பிறகு மோட்டாரை நிறுத்தி, கியர் பாக்ஸின் கீழ் திருகைச் சற்றே தளர்த்த வேண்டும். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம் என்பதால், உள்ளே தண்ணீர் தங்கியிருந்தால் முதலில் அதுதான் சொட்டும். எண்ணெய் பால் கலந்ததுபோல் வந்தால் சீல் போய்விட்டது. உலோகத் தூள் மினுங்கினால் பல்சக்கரமே தேய்கிறது.

கடைசியாக இரண்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கேஜை வைத்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து கயிற்றை இழுக்க வேண்டும். கேஜுக்குக் கேஜ் எண் மாறும். இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். அது 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் போனால் ரிங்கோ சிலிண்டரோ அடிவாங்கியிருக்கிறது.

துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டியையும் கவனிக்க வேண்டும். அது அரிபட்டிருந்தால் வேலை செய்திருக்கிறது. அதன்மேல் பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தால், விற்பனைக்காகச் செய்த ஒப்பனை. பெயிண்ட் மூடிய கட்டி எதையும் காப்பாற்றாது.

எரிபொருளும் கணக்கில் வரும். பங்க்கில் இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த மோட்டாரில் கார்புரேட்டரைக் கழுவியே ஆக வேண்டும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து கிருஷ்ணாயிலுக்கு மாற்றும் ரகமென்றால் உள்ளே கரி படிந்திருக்கும்.

இனி விலை. அதே மாடல் புதிதாக இன்று ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உப்புத் தண்ணீரில் ஐந்து வருடம் ஓடி, கம்ப்ரஷன் சமமாக உள்ள மோட்டாருக்குப் பாதியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்: 75,000. இம்பெல்லர், பிளக், கியர் சீல், கார்புரேட்டர் வேலை என்று மெக்கானிக் 9,000 சொன்னால் 66,000. ப்ரொப்பெல்லர் விளிம்பு மழுங்கியிருந்து புதிதுக்கு 4,000 என்றால் 62,000. ஒவ்வொரு கழிப்புக்கும் காரணத்தைக் கையில் காட்ட முடியும் என்பதால், விற்பவருக்கும் இதில் மனத்தாங்கல் வராது. கம்ப்ரஷன் சமமில்லை என்றால் இந்தக் கணக்கே செல்லாது. அப்போது அது ஓடும் மோட்டார் இல்லை. கியர் பாக்ஸ், கார்புரேட்டர், பிராக்கெட், மூடி என்று உதிரியாக என்ன தேறுமோ அதுதான் விலை.

காலமும் விலையைத் தொடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகள் ஓடும். அந்த இரண்டு மாதத்தில் ஓடுகிற மோட்டாரை விற்க யாருக்கும் அவசரம் இருக்காது.

மொத்தத்தில், ஆற்றிலும் கரையோரமும் தொழில் செய்கிறவருக்குச் சமமான கம்ப்ரஷன் உள்ள பழைய டூ-ஸ்ட்ரோக், புதிதின் விலையில் 40 சதவீதத்துக்குக் கிடைத்தால் நல்ல பேரம். ஆனால் தண்டு 15 அங்குலமா 20 அங்குலமா என்று அளந்து, தன் படகின் பின்பலகைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தண்டு நீண்டால் சாம்பல் மேட்டில் அதுதான் முதலில் தட்டும். தினமும் ஆழத்துக்குப் போகிறவருக்கு டீசலோ புதிய மோட்டாரோதான் சரி. அசல் பில் இருக்கிறதா, மானியத்தில் வாங்கியதா என்பதைக் கேட்டுவிட வேண்டும். மானியச் சாமானை விற்க நிபந்தனை இருக்கலாம் என்பதால் மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. முன்பணம் கொடுத்து, வலையும் ஆளும் ஏற்றிய படகில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகு மீதியைக் கொடுக்கலாம்.