சிடுமூஞ்சி அகதி

2025-ல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பார்த்தீர்களா? இலங்கையிலிருந்து படகேறி ராமேசுவரத்தில் திருட்டுத்தனமாக இறங்கும் சசிகுமார்-சிம்ரன் குடும்பம், சென்னையில் ஒரு தெருவையே அன்பால் வளைத்துப்போடுகிறது. இயக்குநர் அபிஷன் ஜீவிந்த் சிரிக்கவும் வைக்கிறார், கண்ணைத் துடைக்கவும் வைக்கிறார்.

ஓர் உறுத்தல். போலீஸ்காரர் மனசு இரங்கி விட்டுவிடுகிறார். இரங்காவிட்டால்? வந்தவர் சிடுமூஞ்சியாக இருந்தால்?

நம்மவர்களும் அகதியானவர்கள்தாம். செட்டிநாட்டு இளையாத்தங்குடி, நகரத்தாரின் ஒன்பது கோயில் ஊர்களில் ஒன்று. 1942-ல் ஜப்பான் குண்டுக்குத் தப்பி பர்மாவிலிருந்து நடந்தே வந்த கூட்டத்தில் நகரத்தாரும் உண்டு. அதில் சிடுமூஞ்சிகளும் இருந்திருப்பார்கள். ஆனால், திரும்பிவரச் சொந்த ஊர் இருந்தது.

இலங்கை அகதிக்கு? 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை.

கருணை ஆளைப் பார்த்து வரும் ஸார், உரிமை ஆளைப் பார்க்காது. படம் அதுவரை போயிருக்கலாம்.